எந்தத் தண்ணியில பூத்தது?

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் வீவக வீட்டு வாசல் தாழ்வாரத்தில் சாமந்தி வளர்த்தேன். மண் கிடையாது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வலைக்கிண்ணம், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்ப் ஒன்று. பெட்டிக்குள் இருந்தது குளித்த தண்ணீர். சோப்பெல்லாம் போனபின் கடைசியாக அலசும் தண்ணீரை வாளியில் பிடித்து, மணலும் கரியும் போட்ட இன்னொரு வாளியில் வடித்து ஊற்றுவேன். (மூடி முக்கியம். திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு வரும், பின்னாலேயே அதிகாரிகள் வருவார்கள்.)

பெரிய சாதனையெல்லாம் இல்லை. குளித்த தண்ணீரில் செடிக்கு வேண்டிய சத்து ரொம்பக் குறைவு. கடையில் வாங்கிய உரக்கரைசலையும் கலக்க வேண்டியிருந்தது. ஆனால் பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாலு பூவைப் பறித்து அம்மாவிடம் நீட்டினேன்.

"இது எந்தத் தண்ணியில பூத்தது?"

"குளிச்ச தண்ணிம்மா. வடிகட்டித்தான் ஊத்துனேன்."

"சாமிமேடைக்கு வேணாம். ஹால்ல வச்சுக்க."

எனக்குக் கோபம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா? 2002 தேசிய நாள் அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் தோங்கும் கூட்டத்தில் இருந்தவர்களும் புதுநீர் போத்தலை உயர்த்திக் குடித்தார்கள். கழிவறையிலிருந்து போன தண்ணீரை நுண்வடிகட்டல், எதிர்மறைச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் தாண்ட வைத்தால் வருவது புதுநீர். பெரும்பகுதி சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அவர்களுக்குக் குடிநீரின் சுத்தம் போதாது. வறண்ட காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள், அங்கிருந்து நம் குழாய்க்கு வருகிறது. இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"அது அரசாங்கம் சுத்தம் பண்ணுனது. இது நீ சுத்தம் பண்ணுனது."

நியாயமான பதில்தான். ஆனால் பேச்சு சுத்தத்தைப் பற்றியதே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1986 இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்தும் பலருக்குக் குடிக்க மனம் வரவில்லை. அருவருப்புக்குக் கணக்கு தெரியாது, ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. ஒருமுறை தொட்டது எப்போதும் தொட்டதுதான்.

'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது' என்று சொல்லிவைத்த மொழி நம்முடையது. சேற்றில் செந்தாமரை பூத்தால் அது உவமை, எல்லா மேடையிலும் கைதட்டு வாங்கும். அந்தக் குளத்தில் யார் எதைக் கழுவினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெட்டியில் பூத்த சாமந்தியிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்.

கண்ணப்ப நாயனாரையும் இழுத்தேன். வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, தலைமயிரில் செருகிவந்த பூவைப் போட்டவர் அவர். அதைச் சிவன் ஏற்றுக்கொள்ளவில்லையா?

"நீ கண்ணப்பனா? முதல்ல கண்ணைக் குடு, அப்புறம் பூவைக் குடு."

அன்றைக்கு அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தேடிப் படிப்பதை நிறுத்த முடியவில்லை. படிக்கப் படிக்க, நான் வாதாடியதே தப்பான இடத்தில் என்று தோன்றியது. புதுநீரும் பூப்பெட்டியும் ஒன்றல்ல. புதுநீர் தண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடுகிறது. மண்ணில்லாச் செடிக்கு வேண்டியதோ அந்த உருவி எடுத்த சரக்கு: நைட்ரஜனும் பாஸ்பரசும். வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரிலிருந்து வருகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் செலவழித்து, நுண்ணுயிர்களை வைத்து அதை வாயுவாக்கிக் காற்றில் விடுகிறார்கள். இன்னொரு பக்கம் உரத் தொழிற்சாலையில் எரிவாயு செலவழித்து, காற்றிலிருந்து அதே நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறார்கள். நான் கடையில் வாங்கிய போத்தலில் இருந்ததும் அதுதான். ஒரு கையால் கொட்டி இன்னொரு கையால் அள்ளுகிற இந்தக் கூத்து எனக்கு அதுவரை தெரியாது.

இதைத் தவிர்க்க முடியுமா என்று சிலர் பார்த்திருக்கிறார்கள். 2002 இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் வீட்டுக் கழிவுநீரைச் சரிவான தடங்களில் மெல்லிய படலமாக ஓடவிட்டு, அதில் வேர் நனைய ரோஜா வளர்த்தார்கள். ஆய்வின் தலைப்பிலேயே முதலில் வருவது நீரைச் சுத்திகரிப்பது, ரோஜா அதற்குப் பிறகு. வேர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, தண்ணீர் அந்த அளவுக்குத் தெளிகிறது.

அப்படியென்றால் அழுக்குத் தண்ணீரால் பூ அழுக்காவதில்லை. அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது பூ. நாம் அதைப் பார்த்து 'நீ எந்தத் தண்ணியில பூத்தாய்' என்று கேட்டு ஒதுங்குகிறோம். சுத்தம் செய்கிறவரை அசுத்தம் என்பது நமக்குப் புதுசா என்ன?

சரி, ஏன் பூ? கீரை வளர்க்கலாமே? எல்லோரும் சொல்லும் காரணம்: பூவை யாரும் சாப்பிடுவதில்லை. கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989 இல் உலகச் சுகாதார நிறுவனம் கழிவுநீர்ப் பாசனத்துக்கு வெளியிட்ட அட்டவணையை ஒருமுறை பாருங்கள். பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சுகிற நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக் கோலிஃபார்ம்வரை இருக்கலாம். ஹோட்டல் புல்வெளி போலப் பொதுமக்கள் காலும் கையும் படும் இடத்துக்கு வரம்பு இன்னும் கடுமை, 200. தானியம், தீவனம், மரம், ஆலைப் பயிர் என்ற வகைக்கு வருவோம். அங்கே ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் யார் என்ற கட்டத்தில் ஒரே சொல்: தொழிலாளர்கள். அந்த வரிசையில் புழுமுட்டைக்கு மட்டும் ஒரு வரம்பு, லிட்டருக்கு 1. பாக்டீரியாவுக்கு வரம்பு எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை.

ஹோட்டல் விருந்தாளியின் பாதத்துக்கு ஓர் எண் இருக்கிறது. கால்வாயில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அந்தக் கட்டத்தில் கோடுதான். 2006 இல் வந்த திருத்தம் தொழிலாளர் உடல்நலத்தையும் கணக்கில் எடுத்தது. இருந்தாலும் முதல் அட்டவணையை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வாய் படாது என்றால் பிரச்சினை இல்லை என்று நாமும்தானே நினைக்கிறோம். செடிக்குக் கை கிடையாது. ஆனால் குழாயை மாற்றவும் வேரைக் கழுவவும் பூவை வெட்டவும் ஒரு கை வேண்டும். யாருடைய கை?

இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் 'கழிவுநீர்' என்று சொல்வதில்லை, 'பயன்படுத்தப்பட்ட நீர்' என்கிறது. நல்ல மாற்றம்தான். பெயரை மாற்றியபின் தண்ணீர் தேறிவிட்டது. மனிதர்களுக்கும் பெயர் மாற்றிப் பார்த்தோம். தோட்டி என்றோம், துப்புரவுத் தொழிலாளி என்றோம், தூய்மைப் பணியாளர் என்றோம். அந்தத் தண்ணீர் தேறிய அளவுக்கு அவர்கள் தேறினார்களா?

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரு நாள் ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் குழாயை மூடிவிட்டார்.

"தாத்தா என்ன வேலை செஞ்சாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். பேராவில் ஒரு சின்ன டவுனில் நகராண்மைக் கழக வேலை. வீட்டில் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

வாளிக் கக்கூஸ் வேலை. விடியறதுக்கு முன்னால் போவாராம், பின்சந்துகளில் நடந்து, ஒவ்வொரு வீட்டின் பின்புறத்துச் சின்னக் கதவையும் திறந்து வாளியை எடுத்து, காலி வாளியை வைத்துவிட்டு வருவாராம். திரும்பி வந்ததும் வாசலிலேயே குளியல். மூன்று தடவை சோப்புப் போடாமல் பிள்ளைகளைத் தொட மாட்டார். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் பந்தலுக்கு வெளியிலேயே நிற்பார். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லையாம். அவராகவே நின்றுகொள்வாராம்.

"ஊரையே சுத்தமா வச்சிருந்தாரு," என்றார் அம்மா. பிறகு குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

இரண்டாவது முறை செடி பூத்தபோது நான் பறிக்கவில்லை, யாரிடமும் நீட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் காம்புகள் மொட்டையாக நின்றன. சாமிமேடையில் கடையில் வாங்கிய மல்லிகை. ஹாலில், தாத்தா படத்துக்கு என் சாமந்தி, நூலில் கோத்து, ஐந்து பூ.

சாமிக்கு ஆகாதது தாத்தாவுக்கு வந்ததா, தாத்தாவுக்கென்றே எடுத்துவைத்ததா? எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார் அம்மா.