ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒரு ஏக்கர்

தேனிப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வந்து பார்க்கிறார்கள். தீபாவளி விடுமுறை இருக்கும், வெயில் தணிந்திருக்கும், குமுளிக்கோ மேகமலைக்கோ போகிற வழியில் ஒரு எட்டு இறங்கிப் பார்த்துவிடலாம். அந்த மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கச் சகிக்காத இடம் என்று ஒன்று கிடையாது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் மொட்டைக் கரடுகூடப் பச்சையாக நிற்கும். தரகர்களுக்கும் இது தெரியும். எனவே முதலில் சொல்ல வேண்டியது, வருவதாக இருந்தால் சித்திரையில் வாருங்கள். வெயிலோடு வெயிலாகப் போய் அந்த நிலத்தின் கிணற்றை எட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் கிடந்தால் மற்றதைப் பேசலாம்.

சொந்த நிலத்துச் சோறு, கொல்லைக் காய்கறி, கட்டுத்தறியில் ஒரு மாடு, கடையில் வாங்குவது உப்பும் இன்னும் சில சாமான்களும் மட்டும். தற்சார்பு வாழ்க்கை என்று இன்று பேசப்படுவது ஏறக்குறைய இதுதான். இதற்கு எந்த ஊர் ஏற்றது என்று கேட்பவர்கள் சீதோஷ்ணத்தையும் மண்ணையும் நிலத்தின் விலையையும் விசாரிக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அவையெல்லாம் பிறகுதான். ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு மேட்டில் நிற்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆடியில் குமுளியில் நாள் முழுக்க மழை பிடித்திருக்கும். மலைப்பாதை இறங்கி லோயர் கேம்ப், கூடலூர் வந்தால் சாரல். கம்பத்தைத் தாண்டினால் காற்று மட்டும்தான். பள்ளத்தாக்குக்கென்று கிடைப்பது வடகிழக்குப் பருவமழை. ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் சுமார் 800 மில்லிமீட்டர் தேறும், சில ஆண்டுகளில் அதுவும் தேறாது.

அப்படியானால் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் சாலைக்கு இருபுறமும் தெரிகிற வயல் எப்படி வந்தது? தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு வேகம் பிடித்த திட்டம் அது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். ஜான் பென்னிகுவிக் 1887-இல் தொடங்கிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. இன்றும் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பிறகு முல்லையாறாக இறங்கி, வாய்க்கால்களில் பிரிந்து, இருபோக நஞ்சையாக 14,707 ஏக்கருக்குப் பாய்கிறது.

முதல் அடுக்கு இந்த நஞ்சை. வாங்க முடிந்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பீர்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. இந்தத் தண்ணீர் பக்கத்து மாநிலத்தின் மலையில் தேங்குகிறது. அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்ன தீர்ப்பு, நாற்றங்கால் போட நிற்கும் கூடலூர்க்காரரின் வீட்டு விஷயம். ஜூன் முதல் தேதி மதகு திறந்தால் முதல் போகம். அணையில் மட்டம் குறைவாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். திறந்த பிறகும் தண்ணீர் மடைமுறைப்படிதான் வரும். உங்கள் முறை நடுநிசியில் வந்தால் மண்வெட்டியோடு நடுநிசியில் போய் நிற்க வேண்டும். அது போக, நெல்வயலுக்கு நடுவே வீடு கட்டுவதும் மாடு கட்டுவதும் காய்கறி போடுவதும் எளிதல்ல. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது உங்கள் கத்தரிச்செடி மட்டும் வேர் அழுகாமல் இருக்காது.

அடுத்த அடுக்கு தோட்டக்கால். ஆறு ஓடுகிற தாழ்விலிருந்து மேடேறும் நிலம். கம்பத்தைச் சுற்றி காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கமெல்லாம் பந்தல் போட்டுத் திராட்சை நிற்கும். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் வடக்கே போனால் வாழை.

இந்த மேட்டுக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆற்றங்கரையை ஒட்டி ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று துண்டு நிலம் வாங்கி அதில் கிணறு வெட்டுகிறார்கள். அங்கிருந்து பிவிசி குழாயை வரப்போரமாகவும் சாலைக்கு அடியிலும் பதித்து, கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போய் மேட்டில் உள்ள தொட்டியில் விழ வைக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும்வரை அந்தக் கிணறு வற்றாது. ஆகவே மேட்டு நிலம் ஒன்றைக் காட்டி, “தண்ணிக்குப் பஞ்சமே இல்லை” என்று யாராவது சொன்னால், அந்தத் தண்ணீர் அங்கேயே ஊறுகிறதா, குழாயில் வருகிறதா என்று கேளுங்கள். குழாயில் வந்தால் அந்தக் கிணற்று நிலமும் கிரயத்தில் சேர்ந்ததா, குழாய் யார் யார் நிலத்தைக் கடந்து வருகிறது, ஆற்றில் இறைப்பதற்கு எதிராகக் கீழ்மடைக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் இந்த வழக்கு இருக்கிறது. இன்னொன்று, திராட்சைக்கும் வாழைக்கும் மருந்து அடிக்காத வாரம் கிடையாது. ரசாயனம் இல்லாமல் கீரை வளர்க்க வந்தவர் திராட்சைப் பந்தலுக்குக் காற்று வாக்கில் நிலம் வாங்கினால், ஆடிக்காற்று அந்த மருந்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும்.

மூன்றாவது அடுக்கு வானம் பார்த்த புஞ்சை. தேவாரம், போடி பக்கத்து மேடுகளில் ஒரு பகுதிக்கு 18-ஆம் கால்வாய் வழியாக உபரித் தண்ணீர் கண்மாய்களுக்கு வருகிறது. அணை நிறைந்தால் வரும், வந்த ஆண்டில் சுற்றுவட்டக் கிணறுகளில் ஊற்று ஏறும். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கம் போனால் அதுவும் இல்லை. அங்கே ஓடுவது மூல வைகை. பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு. சோளம், கம்பு, குதிரைவாலி, மொச்சை, இலவ மரம். நிலத்தின் விலை குறைவு என்பதால் புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் இந்தப் பகுதிதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம் அரிசி என்றால் ஆண்டுக்கு 510 கிலோ வரும். உமி, தவிடு போக அவ்வளவு அரிசிக்கு ஏறத்தாழ 800 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் என்று அடக்கமாக வைத்துக்கொண்டாலும் 40 சென்ட் போதும். ஆனால் அந்த 40 சென்ட் நெல் ஒரு போகத்தில் குடிக்கிற தண்ணீர் 20 லட்சம் லிட்டருக்குக் குறையாது. ஒரு ஏக்கர் புஞ்சையில் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை, ஒரு சொட்டு ஆவியாகாமல் தேங்கினால், 32 லட்சம் லிட்டர். ஏக்கரில் பாதிகூட இல்லாத நெல்லுக்கு, ஏக்கர் முழுவதும் விழும் மழையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. புஞ்சையில் நெல்லுச்சோறு தற்சார்பாகாது என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடும். அதே நிலத்தில் புரட்டாசிப் பட்டத்தில் சோளமோ குதிரைவாலியோ விதைத்தால் அந்தப் பருவ மழையிலேயே விளைந்துவிடும். அதாவது, எங்கே குடியேறுவது என்று முடிவு செய்யும்போதே எதைத் தின்பது என்பதும் முடிவாகிவிடுகிறது. சோளச்சோற்றுக்கு வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. குடும்பங்கள் நகரத்துக்குத் திரும்பிப் போவது பெரும்பாலும் அடுப்படியில் தொடங்குகிற காரணங்களால்தான்.

குடிதண்ணீர் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாலு பேருக்கு ஆண்டுக்கு 80,000 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழும் மழையைச் சேதாரம் போகப் பிடித்தாலே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தொட்டி கட்டத்தான் செலவு.

நான்காவது அடுக்கு மலையடிவாரம். ஓடைச் சத்தம், காலைப் பனி, பின்னால் நீலமாக மலை. படம் எடுத்து அனுப்பினால் நண்பர்கள் எல்லோரும் பொறாமைப்படுவார்கள். ஆனால் அடிவாரத்தில் பயிர் வைப்பது உங்களுக்கு மட்டுமல்ல, காட்டுப்பன்றிக்கும் சேர்த்துத்தான். நிலக்கடலையும் மரவள்ளியும் யாருக்கு என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களுக்குள்ளேயே வந்து நின்றது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்த புலிகள் காப்பகம். அதற்குள் மாடு மேய்க்கவும் முடியாது. சரணாலயங்களிலும் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றத் தடை இருக்கிறது. மலைமாடு வளர்க்கிறவர்களே திண்டாடும்போது, ஒற்றை மாட்டுக்காரர் தீவனத்தைத் தன் வரப்பிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எங்கேதான் இருப்பது? அதற்கு முன், மலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உள்ள டி.கல்லுப்பட்டிக்குப் போய்வர வேண்டும். காந்தியப் பொருளாதாரத்தை எழுதிவைத்த ஜே.சி.குமரப்பா தன் கடைசி ஆண்டுகளை அங்கே, காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். தற்சார்பைப் பற்றி அவரை விட நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர் இல்லை. எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர், ஆளுக்கு எத்தனை அவுன்ஸ் தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய் என்று அட்டவணையே போட்டிருக்கிறார். அந்த அட்டவணை ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு. ஒரு குடும்பத்துக்கு அல்ல. தனி வீடு ஒன்று தனக்குத்தானே எல்லாம் செய்துகொள்ளும் என்று அவர் நினைக்கவே இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கும் அப்படி ஒரு வட்டாரமாகத்தான் வாழ்ந்தது. ஆற்றுப்படுகையில் நெல், மேட்டில் சோளமும் மொச்சையும், மலையில் மிளகும் ஏலமும், வடுகபட்டியில் பூண்டுச் சந்தை, பெரியகுளத்தில் மாம்பழம், சக்கம்பட்டியில் தறி. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. கன்னட நாட்டிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒக்கலிகர்களின் கோயில் அது. மாட்டுப்பொங்கலன்று அங்கே கன்று நேர்ந்து விடுகிறவர்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அவர்களும் புதிதாகக் குடியேறிய குடிகள்தான். கூட்டமாக வந்தார்கள், மாட்டோடு வந்தார்கள், மேய்ச்சலும் ஆறும் உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஆட்கள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன்பே தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் தெருக்களில் ஜீப்புகள் நிற்கும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இந்த ஊர்களில் நாள்கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது ஏலக்காய். களையெடுக்க ஆள் வேண்டும் என்றால் நீங்கள் அந்தக் கூலியோடு போட்டி போட வேண்டும். ஆள் வைத்துச் செய்கிற தற்சார்பு என்றால் எல்லைப்புறத்து ஊர்களில் கை சுடும்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், நான் தேடுவது ஊரை ஒட்டிய புஞ்சை. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் போதும். சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும் பழைய திறந்த கிணறு, கூப்பிடு தூரத்தில் ஒரு கண்மாய், நடந்து போனால் பால் ஊற்றுகிற சொசைட்டி, பஸ் ஏறினால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சின்னமனூருக்கும் தேவாரத்துக்கும் இடையிலும், பெரியகுளத்தைச் சுற்றியும் அப்படிப்பட்ட நிலங்கள் உண்டு. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பது கூடுதல் வசதி. கன்றுக்கும் யோசனைக்கும் அலைய வேண்டாம். மதுரை–போடி ரயில் 2023-இல் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் வந்துபோவதும் சிரமமில்லை. அரிசியை ஆற்றங்கரைக்காரரிடம் வாங்கிக்கொள்வேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பத்திரம் படிக்கும்போது எல்லோரும் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கிறார்கள். 1892-இல் தொடங்கி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்றும் பார்த்துவிடுங்கள். பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. அதற்கப்புறம், சொத்து விவரத்தின் கடைசியில் வரும் சிறு வரிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டாரிலும் மின் இணைப்பிலும் நாலில் ஒரு பாகம், வண்டிப்பாதைப் பாத்தியம் என்று எழுதியிருக்கும். நாலில் ஒரு பாகம் என்றால் நாலு நாளைக்கு ஒருமுறை உங்கள் முறை. மின் இணைப்பு இறந்துபோன பங்காளி ஒருவர் பெயரில் இருக்கலாம். இலவச விவசாய மின்சாரம் 1990 முதல் எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் புதிய இணைப்புக்கு வரிசையில் நிற்பவர்கள் அதிகம், எனவே பழைய இணைப்பில் உள்ள பாகம் நிலத்துக்குச் சமமான சொத்து. மற்ற மூன்று பாகக்காரர்கள் யார், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று டீக்கடையில் விசாரித்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

கிரயத்துக்கு முன் அந்த நிலத்தையே ஒரு வருடம் குத்தகைக்கோ ஒத்திக்கோ கேட்டுப் பாருங்கள். ஆடியில் பிடித்தால் காற்று, ஐப்பசி மழை, தை அறுப்பு, சித்திரைக் கிணறு எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடலாம், பாகக்காரர்களையும் சேர்த்து. அவசரம் இல்லாத சொந்தக்காரர் பெரும்பாலும் சம்மதிப்பார். ஒரு வருடம் தர மாட்டேன், இந்த மாதமே கிரயம் முடிய வேண்டும் என்று ஒருவர் நெருக்கினால், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் காரணம் கேட்டுவிட்டு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.