அடக்கமும் அச்சமும்

ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சி அமைதி காக்கும் மாணவனை அடக்கமுடையவன் எனலாமா? பிரம்பு அகன்றதும் குலையும் அவ்வமைதி பிறர் ஒடுக்கியதால் நேர்ந்தது. அடக்கமோ தன் தெரிவினின்று தோன்றுவது.

வரதய்யபாளையமும் மதனப்பள்ளியும் 2022 வரை ஒரே சித்தூர் மாவட்டத்தின் பகுதிகள். மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் ஊரகப் பள்ளிகளில், பல வகுப்பு மாணவரும் ஓரறையில் அமர்ந்து, கற்றல் ஏணியில் தம் நிலையைத் தாமே கண்டு, உரிய அட்டையை எடுத்துப் பயில்வது வழக்கமாயிற்று. இம்முறையினின்று உருவான செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழகமெங்கும் விரிந்தது.

ஏணியை அமைப்பவர் ஆசிரியரே. ஆயின் ஏறுபவன் மாணவன். அடுத்த செயல் இன்னதென அறிந்தவனுக்கு ஏவலும் காவலும் மிகுதியாக வேண்டா. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் உடல்தண்டனையை விலக்கியது. விலக்கிய இடத்தில் பொறுப்பை வையாவிடின் அடக்கம் விளையாது. சிறுவனை நம்பித் தெரிவை ஒப்படைப்பதே ஆசிரியர்க்குரிய அறம் எனலாம்.