பக்கைத் தேடாதேங்கோ

கறுப்பாக ஏதோ ஒன்று ஓடுகிறதென்று எல்லோரும் சொன்னார்கள். என் கண்ணுக்கு அது படவேயில்லை. வெள்ளைத் தரையில் பத்துப் பேர் வழுக்கிக்கொண்டு போய் ஒருவரையொருவர் பலகைச் சுவரில் நெரித்தார்கள். திடீரென்று வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சனம் எழும்பிக் கத்தியது. கோலாம். எங்கே, எப்படி, யார் அடித்தது? மெதுவாகத் திருப்பிப் போட்டுக் காட்டும்போதுதான் அது வலைக்குள் போனதைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட்டை வேலியோரம் நின்று பார்த்து, பந்து மட்டையில் பட்டதா காலில் பட்டதா என்று நடுவருக்கு முன்னம் தீர்ப்புச் சொன்ன கண் இது. 41 வயதில் அது மறுபடி எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டி வந்தது.

2013 ஜனவரி அது. ஹொக்கி அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே பணத் தகராறு. ஒக்ரோபரில் தொடங்க வேண்டிய பருவம் ஜனவரி 19இல்தான் தொடங்கியது. ஓர் அணிக்கு அப்போது வழக்கமாக 82 ஆட்டம், அந்த வருடம் 48. பாடத்திட்டம் குறைந்த வருடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்தவன் நான்.

ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு நான் தொலைக்காட்சிக்கு முன்னால் செற்றியில் போய் இருக்கவில்லை. மகனுக்கு அப்போது 12 வயது. ‘ஓம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு என்னோடான பேச்சை முடித்துக்கொள்ளப் பழகியிருந்தான். சனிக்கிழமை இரவு ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் விளையாடும் இரண்டரை மணித்தியாலம் மட்டும் அவன் அறைக்கு வெளியே இருப்பான். அவன் பக்கத்தில் இருக்க எனக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை. “விடியக் காலமை வேலைக்குப் போற மனுசனுக்கு இப்ப ஹொக்கிதான் குறைச்சல்” என்று குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. நியாயமான பேச்சுத்தான். 15 வருடமாக ஹொக்கி எனக்கு அடுத்தவர்களின் சத்தமாகவே இருந்தது. திங்கட்கிழமை வேலைத்தளத்துச் சாப்பாட்டறையில் எல்லோரும் அதைப் பேசுவார்கள். நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பேன்.

பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டு. 170 கிராமுக்கு மேல் போகாது. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னம் அதை உறைய வைப்பார்கள். ஐஸின் வெள்ளையும் இயற்கை வெள்ளை அல்ல. சீமெந்துத் தளத்தின் மேல் உறைந்த தண்ணீர் சாம்பலாகத்தான் தெரியும். பக் எடுப்பாகத் தெரிவதற்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். இவ்வளவு செய்தும் தெரியவில்லையே என்ற வெட்கம், ஒரு பழைய கதையைக் கேட்டபோது கொஞ்சம் குறைந்தது. 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று பக்குக்குள் மின்னணுக் கருவிகளைப் புதைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி வரச் செய்ததாம். வேகம் மணிக்கு 70 மைலைத் தாண்டினால் சிவப்பு வாலும் முளைக்கும். கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அந்த நீல ஒளியின் மேல் இன்றைக்கும் ஒரு பரிவு உண்டு.

நாலைந்து கிழமை போனது. ஒவ்வொரு கோலுக்கும் “எங்க? எங்க?” என்று நான் கேட்டதில் மகனுக்குப் பொறுமை போயிருக்க வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “அப்பா, பக்கைத் தேடாதேங்கோ. ஆக்களைப் பாருங்கோ.”

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன ஆக நீளமான வசனம் அதுதான்.

ஆக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பக் எங்கே என்று அவர்களின் தோள்கள் சொல்லிவிடுகின்றன. ஒருவர் திரும்பாமலே தடியைப் பின்னால் நீட்டுகிறார் என்றால், அது அங்கே வரப்போகிறது. கோல் காப்பாளர் இடது தூணோடு ஒட்டிக் குந்துகிறார் என்றால், அது வலைக்குப் பின்னால் நிற்கிறது. எதிரணிக்காரர் இருவர் ஒரே நேரத்தில் குதியைத் திருப்பிப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கினால், நடுக்கோட்டில் யாரோ பக்கைப் பறிகொடுத்துவிட்டார். நான் தேடியது கடைசியில் வந்து சேரும் ஒரு புள்ளியை. ஆட்டம் அதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது ஷிப்ட். ஆம், அவர்களும் அந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். என் ஷிப்ட் எட்டு மணித்தியாலம், அவர்களுடையது முக்கால் நிமிடம். அதற்கு மேல் அந்த வேகத்தில் ஓட மனித உடம்பால் முடியாது. விசில் ஊதி நிறுத்திவிட்டு ஆள் மாற்றுவது ஒன்று; ஆனால் பெரும்பாலும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுகிறார்கள். களைத்தவர் வாங்கை நோக்கி வருவார். அவர் கிட்ட வரும்போதே மற்றவர் பலகைச் சுவரில் கையை ஊன்றித் தாண்டிக் குதிப்பார். ஓர் ஆள் கூடிவிட்டால் இரண்டு நிமிடத் தண்டனை. முந்தி வெளியேறினால் நாலு பேரோடு நிற்க வேண்டும். வாங்கில் இருப்பவர்களைக் கமரா காட்டும்போது பார்த்திருக்கிறேன்: வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அடுத்த முறைக்காகத் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பாண் தொழிற்சாலையில் பட்டிப்பாதை ஓடிக்கொண்டிருக்க, இரவு ஷிப்ட்காரன் கையுறையைக் கழற்ற, பகல் ஷிப்ட்காரன் அதே இடத்தில் கையை நீட்டும் அந்த ஒரு கணம். அதைக் கைதட்டிப் பார்க்கிற சனமும் உலகத்தில் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி.

தமிழில் ரசிகன் என்கிறோம். சுவைப்பவன். சுவைப்பவன் கொஞ்சம் தள்ளி இருந்துதான் சுவைக்க முடியும். மார்ச் மாதம் வரைக்கும் நான் அப்படித்தான் ரசிகனாக இருந்தேன். லீஃப்ஸ் தோற்றாலும் நல்ல ஆட்டம் என்று எழும்பிப் போய்ப் படுத்துவிடுவேன். மகன் அப்படியே இருப்பான்.

அந்தத் தள்ளி நிற்பு எனக்குப் பழக்கமானதும்கூட. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு இடம்பெயர்ந்து நாங்கள் தென்மராட்சியில், கொடிகாமத்தில், ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். மின்சாரம் இல்லை, பற்றறி பொருளாதாரத் தடைக்குள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவிட்டோம். சுற்றுகிறவனின் கை ஓயும்போது வர்ணனையாளரின் குரலும் ஓயும். அரவிந்த டி சில்வா சதமடித்தார். முரளி விளையாடுகிறார் என்பதில் எங்களுக்கு ஒரு மறைவான சந்தோசம். இலங்கை வென்றது. வென்றபோது கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களை வீட்டை விட்டு எழுப்பிய நாடும் அதுதான், சின்ன வயதிலிருந்து எண்ணிக்கை பார்த்துத் திரிந்த அணியும் அதுதான். சுற்றிக்கொண்டிருந்தவன் மிதிகட்டையை விட்டான். றேடியோ தானாக அடங்கியது.

அதற்குப் பிறகு நான் எந்த அணியையும் முழுதாகக் கையில் எடுக்கவில்லை.

வேலைத்தளத்தில் என் சுப்பவைசர் 62 வயதுக் கனடாக்காரர். ஓய்வுபெற நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். நான் ஹொக்கி பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோசமல்ல, அனுதாபம். லீஃப்ஸ் கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அப்போது அவருக்கு 16 வயது. இனி வருடா வருடம் இப்படித்தான் என்று நினைத்தாராம். அவர்தான் பில் பாரில்கோவின் கதையைச் சொன்னார். 1951 ஏப்ரலில் மேலதிக நேரத்தில் கோல் அடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்த 24 வயதுப் பையன். அந்தக் கோடையில் மீன்பிடிக்கச் சின்ன விமானத்தில் வடக்கே போனவர் திரும்பவில்லை. 11 வருடம் லீஃப்ஸ் வெல்லவுமில்லை. 1962 வசந்தத்தில் வென்றார்கள். அடுத்த சில கிழமைகளில், ஜூனில், காட்டுக்குள் விமானமும் உடல்களும் கிடைத்தன. சொல்லி முடித்துவிட்டு அவர் கோப்பிக் கப்பை நசுக்கிக் குப்பையில் போட்டார். யாரோ சித்தப்பாவின் கதையைச் சொன்னது போல இருந்தது. எந்த உறவும் இல்லாத எனக்கு அதை ஏன் சொன்னார் என்று பஸ்சில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

2004க்குப் பிறகு முதல் தடவையாக அந்த வருடம் லீஃப்ஸ் பிளேஓஃப் சுற்றுக்குப் போனது. பொஸ்டன் புரூயின்ஸ் அணியோடு ஏழு ஆட்டம். ஆளுக்கு மூன்று வென்ற பிறகு, மே 13, ஏழாவது ஆட்டம் பொஸ்டனில். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ரொறன்ரோவில் அதை அறியாதவர் இல்லை. மூன்றாம் பகுதியில் 4–1 என்று முன்னணியில் இருந்தோம். மேலதிக நேரத்தில் 5–4 என்று தோற்றோம்.

நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்சம் முந்திய ஒரு கணத்தை.

யுத்த காலத்தில் ஊரில் பொம்பர் விமானம் வரும்போது, சத்தம் வருமுன் எங்களுக்குத் தெரியும். காகம் எழும்புவதில் தெரியும், நாய் முற்றத்துக்கு வருவதில் தெரியும், பக்கத்து வீட்டு ஆச்சி அடுப்பை அணைப்பதில் தெரியும். வானத்தைப் பார்த்து நின்றவன் வெளியூர்க்காரன். பிறந்து வளர்ந்த இடத்தைத் தெரியும் என்பதற்கு அதன் அழகைத் தெரியும் என்று பொருளில்லை. அங்கே கெட்டது எந்தப் பக்கத்தால் வரும் என்று உடம்புக்குத் தெரியும். கனடாவில் 15 வருடம் நான் பயப்படாமல் இருந்தேன், நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியில் பாதி, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாத அந்நியனின் நிம்மதி என்பது அந்த இரவு வரை எனக்கு விளங்கவில்லை.

4–2 ஆனது. இன்னும் ஒரு நிமிடமும் 22 விநாடியும் இருக்க 4–3. பொஸ்டன் தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கியிருந்தது. அவர்களின் வலை வெறுமையாகக் கிடந்தது. மகன் செற்றியின் விளிம்பில் இருந்தான். “ஒரு நிமிசம்தான் அப்பா” என்றான். அவன் பிறந்தது இங்கே, நம்பப் பிறந்தவன்.

நான் பக்கைப் பார்க்கவில்லை. பொஸ்டனின் ஸ்டேனோ காரா, ஆறடி ஒன்பது அங்குலம், எங்கள் வலைக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் கோல் காப்பாளர் ஜேம்ஸ் ரைமர். பக் எங்கேயோ நீலக்கோட்டுப் பக்கம் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த மலைக்கு இந்தப் பக்கத்தாலும் அந்தப் பக்கத்தாலும் அவர் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஜனவரியில் இதே செற்றியில் இருந்து நான் தேடியது போல, அவர் தேடினார்.

என் அடிவயிறு கலங்கியது. “ஐயோ” என்றேன்.

மகன் தொலைக்காட்சியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.