சமநிலையும் நடுவுநிலையும்

சதுரங்க ஆட்டத்திற் சமநிலை எனப்படுவது இருவருள் ஒருவரும் வெல்லாமையாம். அது நடுவுநிலையோடு பொருந்துவதோ என்னும் ஐயம் எமக்குச் சின்னாள் முன்னர் எழுந்தது. எம்மூர்க் கழகமொன்றில் அன்பர் இருவர் ஆடக் கண்டோம். ஏறக்குறைய ஒத்த பயிற்சியினர், பெரும்புகழாளர் அல்லர். மூன்று நாழிகைக்குப் பின் வெள்ளைக்காய் ஆடினார்க்கு அரசனும் அரசியும் எஞ்சினர். கருங்காய் ஆடினார்க்கு அரசன் ஒருவனே. பிழையற ஆடின் 10 நகர்த்தலுக்குள் முடியத்தக்க நிலை அது. கருங்காயரசன் மூலைக் கட்டத்தில் ஒதுங்கினான். வெள்ளையார் விரைந்து, அவனுக்குக் குதிரைப் பாய்ச்சல் தொலைவிலே அரசியை வைத்துவிட்டார். அவ்வளவே! அரசன் தாக்கப்படவுமில்லை, அடியெடுத்து வைக்க இடமுமில்லை. ஆட்டம் சமமாயிற்று, ஆளுக்கு அரைப் புள்ளி.

வெள்ளையார் வெகுண்டார். "ஒன்றுமில்லாத அவரும் எல்லாமுடைய யானும் ஒப்பாதல் என்ன நீதி?" என்றார். இவ்வினா எள்ளத்தக்கதன்று. இங்கிலாந்திலே 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இங்ஙனம் எதிரியை அடைத்துவைத்தவனே தோற்றவனாகக் கொள்ளப்பட்டான். சமம் என்னும் விதி அங்குப் பின்னரே நிலைபெற்றது. அடைத்தவனுக்கே வெற்றி தரல் வேண்டும் என்பாரும் உளர். ஆகலின், மாந்தர் வகுத்த இவ்விதியை ஆராய்தற்கு இடமுண்டு.

எமக்குத் தோன்றுவது இது: வலிமை வேறு, வலிமையாற் செய்து முடித்த செயல் வேறு. இவ்வாட்டத்தில் வெற்றியாவது அரசனைத் தாக்கி, அத்தாக்குதலினின்றும் தப்ப வழியின்றிச் செய்தல். வெள்ளையார் வழியை அடைத்தார்; தாக்கினாரில்லை. அரசி பலகையில் நிற்றலையே வெற்றியெனல், நெல் களத்திற் கிடத்தலையே உண்டியெனக் கொள்வதனை ஒக்கும்.

கருங்காயார் நிலையோ இன்னும் நுட்பமுடைத்து. அவர் பெருமகிழ்ச்சி கொண்டார். மூலை புகுந்தது இதனைக் கருதியோ என வினவினோம். "வேறிடமில்லை, ஐயா" என ஒளியாது கூறினார். அவ்வாய்மை எமக்கு உவப்பாயிற்று. அங்ஙனமாயின் தம் முயற்சியான் வாராத அரைப் புள்ளியை அவர் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. அது தகுதியாற் பெற்றதன்றேனும் களவாற் பெற்றதன்று. விதியை இருவரும் உடன்பட்டே ஆடப் புகுந்தனர். ஒரே அளவினதாகிய அரைப் புள்ளி ஒருவர்க்கு இழவாயும் மற்றவர்க்குப் பேறாயும் தோன்றியது, அவரவர் முன் எண்ணியிருந்த எண்ணத்தான் அன்றோ?

வெள்ளையார் இதனை இன்னும் ஒப்பினாரல்லர். மறுநாளும் அந்நிலையைப் பலகையில் அமைத்து, அரசியை வேறு கட்டத்தில் வைத்திருக்கலாமே என வருவார் போவார்க்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.