ஏட்டினுள் ஒளித்த படை

சைவ நன்மக்காள்! கொலைக்கருவி கொலைஞன் கோலத்தோடு வருமாயின் அதனை விலக்குதல் எளிது. நாம் மதித்துப் போற்றும் கோலத்தோடு வருங்கால் யாது செய்வது? 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி, கொழும்பு புதுக்கடை நீதவான் மன்றிலே, கைதியாகக் கொணரப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சட்டத்தரணி உடை தரித்த ஒருவன் சுட்டுக் கொன்றான். தாள்களை அகழ்ந்து குழியாக்கிய நூலொன்றினுள்ளே மறைந்து கைத்துப்பாக்கி மன்றினுட் புகுந்தது.

இச்செய்தி கேட்டவுடன் மெய்ப்பொருள் நாயனார் சரிதமே நம் நினைவில் எழுந்தது. போரிலே பன்முறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடைமுடி புனைந்து, சுவடிக்கட்டினுள்ளே படையை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனை புகுந்தான் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச் செய்தனர். ஆகமம் உபதேசிப்பான் போல ஏட்டை அவிழ்த்தான்; தாழ இருந்து வணங்கிய அரசரைக் குத்தினான். வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்த நாயனார், திருவேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவராதலின், வந்தவரை ஊறின்றி ஊர்ப்புறம் விடுத்து வருமாறு பணித்தனர். அவன் மீண்டு வந்து செய்தி கூறுமளவும் உயிர் தாங்கியிருந்தனர்.

புதுக்கடைக் கொலையின்பின் நாம் இருவகைப் பேச்சுக் கேட்டோம். "செத்தவன் குற்றவாளிதானே, ஒழியட்டும்" என்பார் ஒரு சாரார். மன்றின் தீர்ப்பை விடுத்துக் குண்டின் தீர்ப்பை மெச்சுவோர், நாளை தம் வழக்கையும் அக்குண்டினிடமே ஒப்புவிக்கின்றனர். "வீட்டுக்கொரு துப்பாக்கி வேண்டும்" என்பார் மற்றொரு சாரார். தத்தன் கையில் வாள் இருந்ததன்றோ? அஃது அரசரைக் காத்திலது. இரண்டாங் கொலையொன்றைச் செய்யவே வல்லதாயிருந்தது.

மருதமுனையைச் சூழ வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 1990 ஆகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதிருந்த முஸ்லிம் அன்பர்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12 ஆந் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலே அடைக்கலம் புகுந்த நம்மவர் கொல்லப்பட்டனர். அந்நாளிலே ஓரூரார் காவலுக்கென ஏந்திய துப்பாக்கி அடுத்த ஊரார்க்கு அச்சமாயிற்று. அவ்வச்சம் மற்றொரு துப்பாக்கியைத் தேடிற்று. மருதமுனைத் தறியில் நெய்த புடவையை உடுத்துப் பாண்டிருப்புத் திரௌபதியம்மனை வழிபடும் அயலுறவு அத்துணையும் அவ்வச்சத்தின் முன் நிற்கமாட்டாதாயிற்று.

அங்ஙனமாயின் கொலைஞனை விட்டுவிடுதல் முறையோவெனின், அன்று. தன்மேற் பட்ட புண்ணைப் பொறுத்தல் அடியார் அறம். குடிகள்மேற் படாது தடுத்தல் அரசின் அறம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலை விலக்குகின்றது. 2024 ஆம் ஆண்டின் இறுதியிலே பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பணித்தது. அது தக்கதே. பத்திரமின்றி மறைந்து கிடப்பனவற்றையும் தேடி எடுத்தல் வேண்டும். அவற்றைப் பற்றி அறிந்ததை மறையாது உரைத்தல் நம் கடன்.

ஏடு காலிற் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம் மாணாக்கரிடம் இன்னும் உளது. ஏட்டைக் கண்டு ஐயுறுங் காலம் அவர்க்கு வாராதிருக்கத் திருவருள் துணை புரிக.