ஒரு மணி நேரம் கூடுதல்

அக்கா மகனுக்கு இந்த வருஷம் பத்தாவது. போன தீபாவளிக்குத் திட்டக்குடி போயிருந்தபோது அவனுடைய காலாண்டுத் தேர்வு அறிவியல் விடைத்தாளைப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அதற்கப்புறம் வெறும் தாள்.

"தெரியலையாடா?"

"தெரியும் மாமா. டைம் முடிஞ்சிருச்சு."

கேள்வித்தாளை வாங்கி நானே வாய்விட்டுக் கேட்டேன். முக்கால்வாசிக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னான். மின்மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதை என்னுடைய கல்லூரிப் பேராசிரியரைவிடத் தெளிவாகச் சொன்னான். அவனுக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. தலைக்குள் இருப்பது எழுத்தாகிக் கைக்கு வருவதற்குள் வழியில் எங்கோ நின்றுவிடும். ஒன்பது வயதில் கடலூர் முகாமுக்குக் கூட்டிப்போய் வாங்கிய சான்றிதழ் பீரோவில் இருக்கிறது.

அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். பள்ளிக்கூடம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். "ஸ்கூல்ல கேட்டியாக்கா?" என்றேன். "அது கண்ணு தெரியாதவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்கடா தம்பி" என்றாள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வி பற்றி நீதிமன்றங்கள் சொல்வதையெல்லாம் படித்து ஒரு கோப்பில் குறித்துவைப்பதும் எட்டு வருஷமாக என் பழக்கம். தேதி, வழக்கு, யார் என்ன கேட்டார், நீதிமன்றம் என்ன சொன்னது என்று நான்கு பத்திகள். இவனுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் இவன் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறைகூடப் போனதில்லை.

*

இந்தத் தீர்ப்புகளை ஒரு தடவை படித்துவிட்டு விட்டுவிட முடியாது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு உரிமையியல் நீதிபதித் தேர்வு பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பார்வைக் குறைபாடு 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று மாநிலம் வைத்த வரம்பு செல்லும் என்றது. அன்றோடு படிப்பதை நிறுத்திய ஒருவர் இன்றும் அதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பழைய தீர்ப்பு இனி யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. 2025 மார்ச்சில் இன்னொரு அமர்வு, பார்வையின்மையைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்றது. ஆறு வருஷத்தில் சட்டம் தலைகீழாகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு நிரல் காலாவதியானால் அதை ஓட்டும்போதே எச்சரிக்கை வரும். பழைய தீர்ப்பு அப்படி எதுவும் சொல்லாது. அதே கம்பீரத்தோடு இணையத்தில் கிடக்கும்.

விகாஷ் குமார் வழக்கில் கேட்கப்பட்டதும் ஓர் எழுத்தர்தான். அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய். குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் கேட்டார். பார்வையற்றோர் போன்ற சில பிரிவினருக்குத்தான் தர முடியும் என்றது யுபிஎஸ்சி. நீதிமன்றம் ஏற்கவில்லை. மாற்றுத்திறனாளி ஒருவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்யாமல் இருப்பதே பாகுபாடு என்றது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அக்காவிடம் சொன்னதும் யுபிஎஸ்சி டெல்லியில் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். டெல்லியில் அது 2021இலேயே தோற்றுவிட்டது. திட்டக்குடியில் இன்னும் செல்லுபடியாகிறது.

அதே 2021 நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி. நீட் தேர்வில் அவருக்குரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் தேர்வு மையத்தில் தாளை வாங்கிவிட்டார்கள். அவர் பக்கம்தான் நியாயம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை; நேர்ந்த அநீதியை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரு வாரத்தில் முடிவெடுக்கும்படி தேர்வு முகமையிடம் சொன்னது. வழக்கில் ஜெயித்தாலும் போன மணி நேரம் போனதுதான்.

*

என் கோப்பில் அதிக வரிகள் எடுத்துக்கொண்டது ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு. சாதாரணப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்கள் போதுமான அளவில் இல்லை என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அது. எண் போட்டது 2016இல். தீர்ப்பு 2021 அக்டோபரில். எத்தனை குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது: தொடக்க நிலையில் பத்துக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டாவது வரை பதினைந்துக்கு ஒருவர். பெரும்பாலான மாநிலங்கள் அதற்கான பணியிடங்களைக்கூட உருவாக்கவில்லை என்று கண்டு, 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. மார்ச் 28க்குள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும்.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒருநாள் இன்னொரு பத்தி சேர்த்தேன். அவனுடைய வகுப்பு. வழக்கு பதிவானபோது ஒன்றாவது. தீர்ப்பு வந்தபோது ஆறாவது. விகிதம் வந்தபோது ஏழாவது. மறு உத்தரவு வந்தபோது ஒன்பதாவது முடிக்கப்போகிறான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்குத் தரும் உத்தரவாதம் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது வருஷம் ஒரே வழக்கில் போயிருக்கிறது. நீதிமன்றத்துக்கு ஒன்பது வருஷம் பெரிய தாமதமில்லை. பிள்ளைக்கு அது முழுப் பள்ளிக்கூடம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏமி ரௌலி என்ற காது கேளாத சிறுமியின் வழக்கு. வகுப்பில் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைதான் வகுப்புக்கு வகுப்பு தேறிக்கொண்டு போகிறாளே, அவசியமில்லை என்றது நீதிமன்றம். 2017இல் எண்ட்ரூ என்ற ஆட்டிச மாணவனின் வழக்கில்தான், பெயருக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்குத் தகுந்த முன்னேற்றம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. நடுவில் 35 வருஷம்.

"தேறிக்கொண்டுதானே போகிறாள்" என்பது எனக்குப் பழகின வாக்கியம். நம்மூரில் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. எங்கள் பையனும் தேறிக்கொண்டேதான் வந்தான். அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது அவன் மட்டுமல்ல. நாங்களும்தான்.

*

விகாஷ் குமார் தீர்ப்பை அச்செடுத்து, முக்கியமான பத்திகளில் மஞ்சள் கோடு போட்டு, சான்றிதழோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தலைமையாசிரியர் இரண்டு பக்கம் புரட்டினார். மேசையில் சுற்றறிக்கைகள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன.

"சார், இதை யாராவது தமிழ்ல அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தா நான் ஏன் இல்லேன்னு சொல்லப்போறேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில இப்போது தமிழிலும் வருகின்றன. ஆனால் தீர்ப்பு தமிழாவது வேறு, அது திட்டக்குடியில் ஒரு மேசைக்கு வந்துசேர்வது வேறு.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் அன்றைக்கு இருந்தார். ஒப்பந்த வேலை, ஏகப்பட்ட பள்ளிகள். மார்ச் 28 உத்தரவைப் பற்றி அவரிடம் சொன்னேன், ஏதோ நான்தான் முதலில் கண்டுபிடித்தவன் மாதிரி.

"தெரியும் சார். வாட்ஸப்ல வந்துச்சு. எந்த வருஷ மார்ச்சுன்னுதான் தெரியல" என்றார். அவர்தான் விண்ணப்பத்தை எடுத்துவந்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று காட்டி, கையெழுத்தும் வாங்கித் தந்தார். எல்லாம் இருபது நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து வெற்றிச் செய்தி சொன்னேன். அக்கா சந்தோஷப்பட்டாள். சோறு போடும்போது கேட்டாள்: "இவன் பக்கத்துல உக்காருவானே ஒரு பையன், அவனுக்கும் இவனை மாதிரியேதான எழுத வரமாட்டேங்குது. அவனுக்கும் சேத்துக் கேட்டியா?"

கேட்கவில்லை. தோன்றவே இல்லை.

*

சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்பார்கள். வழக்கமாக இதைக் குடிமகனைப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு வேறு திசையில் பேசுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைக் குழந்தைகளிடம் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, தகுந்த கற்பித்தல் வழிகளை எடுக்க வேண்டியது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. அதாவது, கேட்டால் கொடு என்றல்ல. போய்க் கண்டுபிடி. தெரிந்துகொள்ள வேண்டியவன் பெற்றவன் இல்லை, பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குத் தெரியவைக்க வேண்டியது அரசு.

இந்தப் பிரிவு என் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் போய் நின்றது படித்த மாமாவாக, ஒரு பிள்ளைக்கு மட்டும். எல்லோருக்கும் சேர்ந்து வந்துசேர வேண்டியதை ஒரு வீட்டுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டால்தான் கிடைக்கும் என்றால், உரிமையும் கேட்கத் தெரிந்தவர்களின் சொத்தாகிவிடும். கேட்கத் தெரிய வேண்டுமானால் படிக்கத் தெரிய வேண்டும். படிப்பதில்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிக்கலே.

தலைமையாசிரியர்மீது எனக்கு வந்த கோபத்தை இப்போது யோசிக்கிறேன். அவர் தெரியாமல் மறுத்தார். நான் தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன். அவருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருக்கிறது. ஒவ்வொரு தீர்ப்பையும் கோப்பில் ஏற்றிய ராத்திரிகளில், அவனுக்காக ஏதோ செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கியிருக்கிறேன். தெரிந்துவைத்திருப்பதை நல்லதாக நினைத்தேன். கடனாக நினைக்கவில்லை.

மறுநாள் திரும்பப் போனேன். இந்த முறை தீர்ப்பைக் கொண்டுபோகவில்லை. தமிழில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன்: யாருக்கெல்லாம் சலுகை உண்டு, என்ன சான்றிதழ் வேண்டும், எங்கே கிடைக்கும். தலைமையாசிரியர் வாசித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். சிறப்புப் பயிற்றுநர் அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டார். பருத்திக் காட்டிலிருந்து நேராக வந்தார் அவர்.

திட்டக்குடி மாவட்டத்தின் மேற்குக் கோடி. கடலூரைவிடப் பெரம்பலூர் எங்களுக்குப் பக்கம். முகாம் கடலூரில்.

"கடலூருக்கா சார்? ஒரு நாள் கூலி போயிருமே" என்றார். பிறகு, "ஒரு தடவை போனா முடிஞ்சிருமா?" என்றார்.

முடியாது. எங்களுக்கு மூன்று தடவை ஆனது. அதைச் சொன்னேன். இந்த வருஷப் பரீட்சைக்குள் சான்றிதழ் கைக்கு வருமா என்பது சந்தேகம்தான் என்பதையும், பதினொன்றாவது, பன்னிரண்டாவதுக்கு ஆகும் என்பதையும் சிறப்புப் பயிற்றுநர் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார். அவன் என் அக்கா மகனோடு வராந்தாவில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கிழமைன்னு சொல்லுங்க" என்றார்.

அன்று இரவு கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். வழக்கு எண் இல்லை, நீதிபதி பெயர் இல்லை. முகாம் தேதியும், அவர்களைக் கூட்டிப்போக நான் லீவு போட வேண்டிய நாளும்தான்.