புள்ளிகள் மட்டும் மாறவில்லை

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். நான்கு திருகுகள்தான். 2009-இல் வாங்கிய 500 ஜிபி டிஸ்க். உள்ளங்கையில் கனமாக, சில்லென்று இருந்தது.

*

புதிய பெட்டியில் அதற்கு இடம் இருந்தது. மின்சாரத்துக்கு அகலமான சாட்டா வயர், தரவுக்குக் குறுகலானது. சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், பிறகு சீரான ஓட்டம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. புதிய எஸ்எஸ்டிக்குச் சத்தமே கிடையாது. அறையில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

*

விண்டோஸ் எஸ்எஸ்டியிலிருந்தே எழுந்தது. பழையது இரண்டாவது டிரைவாக நின்றது. என் பெயருள்ள ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்றது. பெயர் ஒன்றுதான், ஆனால் அந்த விண்டோஸில் இருந்த நானும் இந்த விண்டோஸில் இருக்கும் நானும் அதற்கு வேறு வேறு ஆட்கள். அனுமதி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். திறந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். வயதான டிஸ்கை நம்பி ஒரே பிரதியை விட்டுவைக்கக் கூடாது.

*

2004-இல் அத்தை சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து, பிறகு இந்த டிஸ்குக்கு மாற்றிய ஒப்பாரிகள் அதில் இருந்தன. திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாகக் கிடந்தது.

அன்று அடித்தது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. ‘அம்மா’ என்று நான் அடித்ததெல்லாம் கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கிறது. எழுத்துரு இருந்தால் அம்மா. இல்லாவிட்டால் வெறும் ஐந்து குறிகள்.

*

அந்தக் குப்பையில் ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. ஆங்காங்கே மூன்று மூன்று புள்ளிகள். அத்தை தொண்டை அடைத்து நிறுத்திய இடங்களில் நான் வைத்தவை. சொற்கள் எல்லாம் உருக்குலைந்த பக்கத்தில் அவள் மௌனம் மட்டும் அப்படியே இருந்தது.

*

பாமினியை வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரில், அதே டிஸ்கில் இருந்தது. எடுத்துப் புதியதில் நிறுவினேன். பக்கம் தமிழாக நிமிர்ந்தது.

*

இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். வைத்திருந்தது டிஸ்கைத்தான். ஒன்றைக் காப்பது என்றால், நாளை வேறொருவர் திறந்தாலும் வாசிக்க முடிகிறபடி வைப்பது. முதல் ஒப்பாரியை இன்றிரவு யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றும் நிரலை முழுக்க நம்பாமல், வரி வரியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். புள்ளிகள் வந்த இடங்களில் நானும் நிறுத்தினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.